செவிக்கெட்டா ஒலியும் குருதிக்குழாயும்

குருதிக்குழாய்களை வீட்டிற்கு நீர் கொணரும் இரும்புக்குழாய் போன்றன என எண்ணுவார் பலர். அவை அத்தன்மைய அல்ல. ஓட்டம் மிகுங்கால் விரிந்தும் குறையுங்கால் சுருங்கியும் உடலின் தேவைக்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்ளும் உயிருடைக் குழாய்கள் அவை. நோயால் இவ்வியல்பு தளர்வதை, விலங்கின் உடலைக் கீறாமலே அறியும் முறையொன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முற்காலத்தில் இவ்வறிவு உயிரை விலையாகக் கொண்டே கிடைத்தது. இங்கிலாந்தில் ஸ்டீவன் ஹேல்ஸ் என்னும் குருவானவர் ஒரு பெண்குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைநாடியில் பித்தளைக் குழலைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குருதி 8 அடி 3 அங்குல உயரம் எழுந்தது. 1733-ஆம் ஆண்டில் அவர் இதனை நூலாக வெளியிட்டார். குருதியழுத்தத்தின் அளவு கிடைத்தது, குதிரையோ மாண்டது.

1980-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் பர்ச்காட் முயலின் பெருநாடித் துண்டுகளை ஆராய்ந்தார். குழாயின் உட்படலம் சிதையாதிருந்தாலன்றி அசிட்டைல்கோலின் என்னும் பொருளால் அது விரிவதில்லை எனக் கண்டார். அப்படலம் விடுத்து, குழாயை விரியச்செய்வது நைட்ரிக் ஆக்ஸைடு என்பது பின்னர்ப் புலனாயிற்று. ஆயினும் இச்சோதனைக்கு நாடியை அறுத்தெடுத்தல் வேண்டும்.

அறுக்காமல் அறிய உதவுவதே அல்ட்ராசவுண்டு எனப்படும் மீயொலி. மனிதர் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும்; அதற்கு மேற்பட்டது மீயொலியாம். அது குழாயின் சுவரிற் பட்டு எதிரொலியாய் மீளும் காலத்தைக் கொண்டு குழாயின் விட்டத்தை அறியலாம். ஓடும் குருதியணுக்களிற் பட்டு மீளுங்கால் அதன் அதிர்வெண் மாறும். 1842-இல் டாப்ளர் உரைத்த விதிப்படி, அம்மாற்றம் குருதியின் விரைவைக் காட்டும். சுண்டெலியின் தொடைநாடி ஒரு மில்லிமீட்டரினும் மிகச் சிறிதாதலின், நொடிக்கு 3 கோடிக்கு மேற்பட்ட அதிர்வுகளையுடைய ஒலி வேண்டப்படும். அவ்வொலி ஆழச் செல்லாது. எனினும் அந்நாடி தோலை அடுத்தே இருத்தலின் அது குறையாகாது.

சோதனை வருமாறு: சுண்டெலியை மயக்கமருந்தால் உறங்கச்செய்து, பின்னங்காலில் சிறு பட்டையை இறுக்கிச் சில நிமிடங்கள் குருதியோட்டத்தைத் தடுப்பர். பட்டையைத் தளர்த்தியதும் குருதி விரைந்து பாயும். அப்பாய்ச்சல் உட்படலத்தை உராய, நைட்ரிக் ஆக்ஸைடு வெளிப்பட்டு நாடி விரியும். நலமுள்ள நாடி நன்கு விரியும். நலங்குன்றியது சிறிதே விரியும். மயக்கமருந்தும் உடற்குளிர்ச்சியும் நாடியின் இயல்பையே மாற்றுமாதலால், மருந்தின் அளவையும் உடலின் வெம்மையையும் காத்தல் இன்றியமையாதது. அன்றேல் நோயை அளப்பதாக எண்ணி மருந்தின் விளைவையே அளந்தோராவோம்.

இதன் பெரும்பயன் யாதெனின், சுண்டெலி மீண்டும் விழித்தெழும் என்பதே. நான்கு வாரங்கள் வாரந்தோறும் பத்துப்பத்தாக நாடி அறுத்துக் காண்பதாயின் 40 உயிர்கள் வேண்டும். இம்முறையில் அதே பத்தினையே நான்கு முறையும் காணலாம். அன்றியும், ஒவ்வொன்றையும் அதன் முன்னைய நிலையோடு ஒப்பிடுதலால் முடிபும் உறுதிப்படும். சோதனை விலங்குகளுக்கு மாற்றுத் தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என ரஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகளுள் பின்னிரண்டும் இதனால் நிறைவேறுகின்றன.

ஆராய்ச்சியின் இறுதியில் திசுக்களை நேரிற் காணவேண்டி அவ்வுயிர்களைக் கொல்லுதல் இன்னும் முற்றும் ஒழிந்திலது. எனினும் அறிவு வளர அருளும் உடன்வளர இயலும் என்பதற்கு ஹேல்ஸின் குதிரைக்கும் இச்சுண்டெலிக்கும் இடைப்பட்ட தொலைவே சான்றாகும்.