மார்பில் படும் உள்ளடி

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படும் ஆண்டுகளில், கல்லணையைக் கடந்த நீர் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் பிரிந்து பாய்ந்ததும், தஞ்சைத் தரணியில் குறுவைக்கான சேற்றுழவு மும்முரமாகிவிடும். ஏர்மாடு நின்ற இடத்தில் இன்று டிராக்டர் நிற்கிறது. உழைப்புக் குறைந்தது, மாடு தராத அபாயம் ஒன்றும் உடன் வந்தது. பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்து சுழல மாட்டாத நிலையில் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுவாராயின், சக்கரத்தைத் திருப்ப வேண்டிய விசை வண்டியின் உடலையே தூக்குகிறது. முன்பக்கம் நிமிர்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் வண்டி பின்புறமாகக் கவிழ்கிறது. புதைந்த சக்கரத்தில் கட்டையைக் கட்டி வெளியேற்றப் பார்ப்பது இவ்விபத்தை வரவழைப்பதேயாகும். ஸ்வீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. நாளடைவில் அங்கே கவிழ்ந்து மாள்வோர் தொகை மிகவும் அருகிவிட்டது. நம் வயல்களில் அச்சட்டம் இல்லாத வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. வண்டி வாங்குவோர் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்பது நல்லது.

டிராக்டர் மட்டுமன்று. தென்னையிலிருந்து விழுதல், ஐப்பசி மழையில் ஊறிய மண்சுவர் சாய்தல், காளை முட்டுதல், ஆற்றங்கரைச் சாலையில் வண்டிகள் மோதுதல் ஆகிய எதிலும் மார்பு நசுங்கக் கூடும். இவ்வகை அடியில் தோல் கிழியாமலும் இரத்தம் சிந்தாமலும் இருக்கலாம். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, “ஒன்றுமில்லை, மூச்சுப் பிடிப்புத்தான்” என்பார். சூழ நிற்பவர்களும் அதை நம்பி, எண்ணெய் தடவி நீவி, வேட்டியைக் கிழித்து மார்பை இறுகக் கட்டிவிடுகிறார்கள். முறிந்த கை எலும்பு அசையாதிருந்தால் கூடும். விலா எலும்போ, உயிருள்ளவரை மூச்சுக்கு மூச்சு அசைந்தே ஆகவேண்டியது. அதை இறுக்கிக் கட்டினால் மூச்சையே கட்டியதாகும்.

மார்புக்கூட்டைக் கொல்லன் துருத்திக்கு ஒப்பிடலாம். விரியும்போது காற்று உள்ளே வருகிறது. சுருங்கும்போது வெளியே போகிறது. பன்னிரண்டு இணை விலா எலும்புகள் அதன் சட்டம். அடுத்தடுத்த மூன்று எலும்புகளோ அதற்கு மேலோ, ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்தால், நடுவில் உள்ள துண்டு சட்டத்திலிருந்து விடுபட்டுத் தனியே ஆடத் தொடங்குகிறது. மூச்சை இழுக்கையில் மற்ற பகுதி உயர, அத்துண்டு உள்ளே குழிகிறது. விடுகையில் வெளியே புடைக்கிறது. இதைக் கண்ணாலேயே காணலாம். இதனினும் கேடு அடியில் உள்ள நுரையீரல் கன்றிப்போவது. அக்கன்றல் அன்றே முழுதும் தெரியாது. ஓரிரு நாட்களில் வளர்ந்து, பேசிக்கொண்டிருந்தவரைத் திணற வைக்கும்.

மற்றோர் ஆபத்து உடனே கொல்வது. எலும்பு முனை நுரையீரலைக் குத்தினால் காற்று கசிந்து மார்புக்குள் சேரும். வெளியேற வழியில்லாவிடில் நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். மூச்சிரைப்பு ஏறிக்கொண்டே போதல், நாடி தளர்தல், உதடு நீலம் பாய்தல், தோலை அழுத்தினால் நறநறவென்று உணர்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதித்தல் ஆகாது.

செய்ய வேண்டியது சிறிதே. இயந்திரத்தை நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவுடன் இருப்பவரை அவருக்கு மூச்சு எளிதாக வரும் நிலையில் சாய்த்து வையுங்கள். கழுத்து, முதுகெலும்பில் அடி என்று ஐயமிருந்தால் உடலை வளைக்காமல் பலகையில் கிடத்துங்கள். தண்ணீரோ சோடாவோ புகட்ட வேண்டாம். இருவருக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோவது வேகமாகத் தோன்றும். முறிந்த விலாவுக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

போலீஸ் விசாரணைக்கு அஞ்சி ஒதுங்குவோரும் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது. சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்க ஏற்பட்டது. இவ்விரண்டையும் கிராம சபையில் ஒருமுறை படித்துச் சொல்வது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கையில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நடப்பதையும் அறிந்திருந்தால் அச்சம் குறையும். மார்பில் காற்றோ இரத்தமோ சேர்ந்திருந்தால், பக்கவாட்டில் விலாக்களுக்கு இடையே ஒரு குழாயைச் செலுத்தி, மறுமுனையை நீருள்ள கலத்தில் அமிழ்த்துவார்கள். காற்று குமிழியிட்டு வெளியேறும். நீர் தடுப்பதால் திரும்பாது. குழாயைக் கண்டு பதறும் உறவினர் பலர். உயிரைக் காப்பது அதுவே. அக்கலத்தை மார்பு மட்டத்துக்கு மேல் தூக்கலாகாது.

முற்காலத்தில் மணல் மூட்டை வைத்தும், பட்டை ஒட்டியும் ஆடும் மார்பை நிறுத்தப் பார்த்தனர். 1956-இல் ஏவரி, மோர்ச், பென்சன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் செயற்கைச் சுவாசக் கருவியால் உள்ளிருந்தே நுரையீரலை விரித்து மார்பைத் தாங்கும் முறையை எழுதினர். பின்னர் எல்லோருக்கும் அக்கருவி வேண்டியதில்லை என்பது 1970-களில் தெளிவாயிற்று. இன்று முதலிடம் வலி நீக்கத்துக்கு. வலியுள்ளவர் ஆழ மூச்சிழுக்கார், இருமார், சளி தேங்கி நிமோனியா வரும். ஆகவே நரம்பருகே மருந்து செலுத்தி வலியைத் தணித்து, பிராணவாயு கொடுத்து, மூச்சுப் பயிற்சி செய்விக்கிறார்கள். தேறாதவருக்கே கருவி; தேர்ந்தெடுத்த சிலருக்கு முறிந்த எலும்பில் உலோகத் தகடு பொருத்தும் அறுவைச் சிகிச்சை. தஞ்சையில் 1959-இல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டதால், பெருஞ்சிகிச்சைக்கு டெல்டா மக்கள் சென்னை வரை போக வேண்டிய நிலை மாறிற்று.

முதியவர்களுக்கு இரண்டு மூன்று எலும்பு முறிவும் பெரிய காயமே. “வயதானவர், வீட்டிலேயே படுத்திருக்கட்டும்” என்று விடுவது தவறு.

வீடு திரும்பிய பின் எலும்பு கூட ஏறக்குறைய ஆறு வாரமாகும்; வலி அதற்கு மேலும் நீடிக்கலாம். அதுவரை நெல் மூட்டை தூக்குதல், மண்வெட்டி பிடித்தல் வேண்டா. பீடி, சுருட்டு அறவே கூடாது. இருமல் வரும்போது தலையணையை விலாவில் அணைத்துக்கொண்டு இருமலாம். காய்ச்சலோ புதிய மூச்சுத் திணறலோ கண்டால் அன்றே மருத்துவரிடம் திரும்புக.