பழைய கூட்டில் புதிய விடைக்கோழிகள்

வீட்டுப் பின்புறத்தில் ஐந்தாறு கோழிகள் வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது. மிஞ்சியதை விற்றுக் குடும்பத் தலைவி தன் கைச்செலவுக்கும், சில வேளைகளில் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்கும் வழி செய்துகொள்கிறாள். கோழிகளுக்கு வயது ஏற ஏற முட்டை குறையும். அப்பொழுது சந்தையிலிருந்து மூன்று நான்கு விடைக்கோழிகளை வாங்கி வந்து, அன்று மாலையே பழைய கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவது பலருடைய வழக்கம். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்று தலையில் இரத்தம் வடிய மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பத்து நாள் கழித்துப் பழைய கோழிகளே ஒவ்வொன்றாகக் கழிந்து சாய்வதும் உண்டு. முன்னதற்குக் காரணம் கோழியின் இயல்பு. பின்னதற்குக் காரணம் நோய்.

இயல்பை முதலில் நோக்குவோம். நார்வே நாட்டு விலங்கியலார் தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சிறுவயது முதலே கோழிகளைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர். ஒரு கூட்டத்திலுள்ள கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசை திட்டமாக அமைந்திருக்கிறது என்பதை அவர் 1922இல் வெளியிட்டார். மேலே உள்ளது கீழே உள்ளதைக் கொத்தும். கீழே உள்ளது திருப்பிக் கொத்தாமல் விலகிப் போகும். இவ்வரிசை நிலைத்துவிட்டால் நாள்தோறும் சண்டை வேண்டியதில்லை. முதலில் தீவனத்தை அணுகுவது யார், உயர்ந்த பரணில் அமர்வது யார் என்பதெல்லாம் சண்டையின்றியே நடக்கும். புதிய கோழிக்கு இவ்வரிசையில் இடமில்லை. அந்த இடம் தீர்மானமாகும் வரை கொத்து விழத்தான் செய்யும். அதை அறவே நிறுத்த நம்மால் இயலாது; உயிருக்கு ஆபத்தின்றி நடக்கும்படி செய்ய இயலும்.

ஆனால் அதற்கும் முன்னே நோயைப் பற்றிய கவலை வருகிறது. கோழிக்கழிச்சல் என்றும் வெள்ளைக் கழிச்சல் என்றும் நாம் சொல்லும் கொள்ளைநோய்க்கு, 1927இல் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர். இந்நோயின் கிருமி உடலுள் புகுந்த பின் அறிகுறி தோன்ற 2 முதல் 15 நாள்கள் வரை ஆகலாம். சந்தையில் துள்ளித் திரிந்த கோழி வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் நோயில் விழுவது இதனால்தான். எனவே புதிய கோழிகளை 3 வாரமாவது தனியே வைத்திருத்தல் வேண்டும். பழைய கூட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் வைக்க முடியுமோ அவ்வளவும் நன்று. பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியவற்றிடம் செல்லவேண்டும். பாத்திரங்கள் வேறு, செருப்பும் வேறு. வாங்கும்போதே தடுப்பூசி போட்டாயிற்றா என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையெனில் கால்நடை மருந்தகத்தில் காட்டி, மருத்துவர் சொற்படி ஊசி போடுவதற்கு இந்த 3 வாரமே தக்க காலம். 8 வார வயதுக்கு மேற்பட்ட கோழிக்கு இந்நோய்க்கான ஊசியை இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே போடுவார்கள்.

இனி அறிமுகம். புதிய கோழியின் காலில் கயிறு கட்டி முளையில் பிணைத்து வைப்பது நம் ஊர்களில் பழக்கம். வீட்டைவிட்டு ஓடாதிருக்க அது உதவும் என்பது உண்மையே. ஆயினும் கட்டப்பட்ட கோழியால் கொத்துக்குத் தப்பி ஓட முடியாது. கோழிகளிடையே அமைதி நிலவுவதே தாழ்ந்தது விலகிப் போவதால்தான். விலக வழியின்றிக் கட்டிவைத்தால் கொத்து ஓயாது. அதைவிட நம் பாட்டிமார் கையாண்ட பஞ்சாரமே மேலானது. மூங்கில் பஞ்சாரத்தினுள் புதியவற்றை விட்டு, பழைய கோழிகள் மேயும் இடத்திலேயே பகலில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே நீரும் தீனியும் இருக்கட்டும்; நிழலும் வேண்டும். பழையவை சுற்றி வந்து பார்க்கும், இடுக்கின் வழியே ஓரிரு முறை கொத்தவும் செய்யும். ஒருவாரம் பத்து நாளில் சலித்துப்போய்த் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கும். கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் கொண்டு அடையாளம் காண்பவை. முகம் பழகுவதற்கு இந்த நாள்கள் தேவை.

திறந்துவிடும் நாளில் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். ஒற்றைக் கோழியைச் சேர்க்கலாகாது. இரண்டு மூன்றாகச் சேர்த்தால் கொத்து பங்கிடப்படும். உருவத்தில் மிகச் சிறியதைப் பெரியவற்றோடு விடுதலும் தவறு. பெருவிடை இனத்துக் கோழிகளிடையே வளர்ச்சி பெறாத சிறுவிடைக் குஞ்சுகளை விட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டிரண்டாக, ஒன்றுக்கொன்று எட்ட இருக்கட்டும். ஒரே தட்டு இருந்தால் மூத்த கோழி ஒன்று அதன் அருகிலேயே காவல் நிற்கும். இளையது வெயில் நாளில் தண்ணீரின்றி வாடும். சுவரோரம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் ஒளிந்துகொள்ள இடமாகும், ஆனால் இருபுறமும் வழி இருக்கவேண்டும். முருங்கைக் கீரைக் கட்டு ஒன்றை எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். வேலை கிடைத்தால் வம்பு குறையும்.

இரவில் இருட்டிய பின் பரணில் ஏற்றிவிட்டால் பழைய கோழிகளுக்குப் புதியவற்றைத் தெரியவே தெரியாது என்று சிலர் சொல்வர். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாததால் இரவில் சண்டை இராது என்பது மட்டுமே மெய். விடிந்ததும் தெரிந்துவிடும். ஆகையால் அவ்வாறு செய்பவர் விடியுமுன் எழுந்து கூட்டைத் திறந்துவிடக் கடமைப்பட்டவர். பரணில் ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை இடமிருந்தால் நெருக்கடி இராது.

துரத்துவதும் இறகைப் பிடித்து இழுப்பதும் கண்டு நாம் இடையில் புகவேண்டியதில்லை. இரத்தம் கண்டால் மட்டும் தாமதம் கூடாது. இரத்தச் சிவப்பைக் கண்ட மற்றக் கோழிகளும் அதே இடத்தில் கொத்தும், கொன்றுவிடுவதும் உண்டு. காயப்பட்டதை எடுத்து, கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, ஆறும் வரை பஞ்சாரத்தில் வையுங்கள். ஒரே கோழிதான் ஓயாமல் விரட்டுகிறது என்றால் அதையே பிடித்து 3, 4 நாள் பிறர் கண்ணில் படாமல் அடைத்து வைப்பது நல்ல வழி. திரும்பி வரும்போது அதுவே புதியதாகிவிடும். பழைய அதிகாரம் செல்லாது. பொதுவாக 2, 3 வாரத்தில் வரிசை அமைந்துவிடும். அந்நாள்களில் மூத்த கோழிகளின் முட்டை சற்றுக் குறைந்தால் அஞ்சவேண்டாம்.

தீவனத்தில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காக 3 முதல் 4 விழுக்காடு வரை சுண்ணாம்புச் சத்து சேர்க்கப்பட்டிருக்கும். இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு போதும். மிகுதி அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே முற்றத்தில் இரு தீவனம் வைத்துக் காவல் காப்பது நடவாத காரியம். எல்லாவற்றிற்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, இடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்னும். இளையது பெரும்பாலும் அதைச் சீண்டாது.

வைக்கோல் பரப்பிய முட்டைப் பெட்டி 4, 5 கோழிக்கு ஒன்று வீதம் இருத்தல் வேண்டும். இளங்கோழி குந்திப் பதுங்கி, கொண்டை சிவந்து, பெட்டியருகே சென்று எட்டிப் பார்க்கத் தொடங்கினால் முட்டைக் காலம் நெருங்கிவிட்டது. பெட்டியில் மரத்தால் செய்த முட்டை ஒன்றை வைத்தால் இடம் கண்டுகொள்ளும். இல்லையேல் அடுத்த வீட்டு வைக்கோற்போரில் முட்டையிட்டு வரும்.