பாலி எரிமலை: பயணச்சீட்டை நீங்களே ரத்து செய்யாதீர்கள்

இந்தோனேசியாவில் எரிமலை பொங்கி பாலி விமானங்கள் நிற்கும் ஒவ்வொரு முறையும் நம்மவர்கள் ஒரே தவறைச் செய்கிறார்கள். தொலைக்காட்சியில் புகைமண்டலத்தைக் காட்டியதும் "பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போவதா?" என்று வீட்டில் பேச்சு எழும். அடுத்த பத்து நிமிடத்தில் செல்போனில் 'கேன்சல்' பொத்தானை அமுக்கிவிடுவார்கள். நான்கு பேர் டிக்கெட்டில் கைக்கு வருவது பெரும்பாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும்தான். மறுநாள் அதே விமானத்தை நிறுவனமே ரத்து செய்யும். பொறுத்திருந்தவருக்கு முழுப் பணமும் திரும்ப வரும். அவசரப்பட்டவர் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை கேட்டுக்கொண்டிருப்பார்.

விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. நீங்களாக ரத்து செய்தால் டிக்கெட்டில் எழுதியுள்ள நிபந்தனைகள்தான் உங்களுக்குப் பொருந்தும்.

பாலிக்குப் போனால் எரிமலைக்குழம்பு ஓட்டல் வாசலுக்கு வந்துவிடும் என்பது வீண் பயம். 1963இல் அந்தத் தீவின் அகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது உண்மை. ஆனால் இன்றைய சுற்றுலாப் பயணியை வாட்டுவது சாம்பல். 2017 நவம்பரில் அகுங் கக்கிய சாம்பலால் பாலியின் டென்பசார் விமான நிலையத்தையே மூடினார்கள். 2024 நவம்பரிலும் 2025 ஜூன், ஜூலையிலும் விமானங்களை நிறுத்திய லெவோடோபி எரிமலை பாலியிலேயே இல்லை. அது கிழக்கே ஏறத்தாழ 800 கி.மீ. தள்ளி புளோரஸ் தீவில் இருக்கிறது. பாலியில் வானம் பளிச்சென்று இருக்க, "காரணமே இல்லாமல் ரத்து செய்கிறார்கள்" என்று கவுண்டரில் கத்துவதில் பயனில்லை. எரிமலைச் சாம்பல் என்பது பாறையும் கண்ணாடியும் கலந்த நுண்துகள். எஞ்சினுக்குள் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும். 1982இல் ஜாவா தீவுக்கு அருகே பறந்த ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் இப்படித்தான் அணைந்தன. ரத்து செய்ததற்காக நிறுவனத்தை வாழ்த்துங்கள். சண்டையைப் பணத்துக்காக மட்டும் போடுங்கள்.

அந்தச் சண்டைக்கான ஆயுதங்களை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சேர்த்துவைக்க வேண்டும். டிக்கெட் போடும் முகவர் பதிவில் யாருடைய செல்போன் எண்ணைக் கொடுத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். முகவர்கள் பலர் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். ரத்துச் செய்தி அவருக்குப் போகும், அவர் ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் குழந்தை குட்டிகளோடு விமான நிலையத்தில் நிற்பீர்கள். உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் நீங்களே சேர்த்துவிடுங்கள். நாலு பேருக்கும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்) இருப்பது நல்லது.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், பாலி விமானம் ரத்தாகும்போது முதல் டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக எடுங்கள். சில ஆயிரம் கூடுதலானாலும் பரவாயில்லை.

ரத்தானபின் என்ன செய்வது? இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமா, பணமா என்று தேர்வு செய்வது பயணிதான். இயற்கைச் சீற்றம் என்பதால் இழப்பீடு கிடைக்காது. ஆனால் டிக்கெட் பணம் வேறு, இழப்பீடு வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் கவுண்டரில் "எரிமலைக்கு நாங்கள் பொறுப்பல்ல சார்" என்று அனுப்பிவைக்கிறார்கள். நீங்கள் கேட்பது டிக்கெட் பணத்தை மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பணத்துக்குப் பதில் 'கிரெடிட் ஷெல்' என்று எதிர்காலப் பயணத்துக்கு வரவு வைப்பார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்று டி.ஜி.சி.ஏ. விதியே சொல்கிறது. திரையில் தானாக டிக் அடித்திருக்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். முகவர் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையதே. "ஏஜென்ட்டைக் கேளுங்கள்" என்பது பதிலாகாது. வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் பணம் திருப்பித் தருவதில் அவர்கள் நாட்டு விதி செல்லும். வாங்கும்போதே அதைப் படித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. விமானம் ரத்து, காரணம் எரிமலைச் சாம்பல் என்று நிறுவனம் எழுத்தில் தரும் கடிதம்தான் அது. மின்னஞ்சலானாலும் போதும். பயணக் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். பத்து பக்க ஓட்டல் பில்லை அனுப்பிவிட்டு இந்த ஒன்றை அனுப்பாமல் பணம் இழந்தவர்கள் ஏராளம். ஓட்டல், சாப்பாடு, டாக்ஸி ரசீதுகளையும் போர்டிங் பாஸையும் அன்றன்றே படமெடுத்து வையுங்கள்.

காப்பீடு என்றதும் இன்னொரு எச்சரிக்கை. எரிமலை பொங்கிய செய்தி வந்தபிறகு வாங்கிய பாலிசி அந்த எரிமலைக்குச் செல்லாது. தெரிந்த ஆபத்துக்குக் காப்பீடு இல்லை என்பது எல்லா நிறுவனங்களும் சொல்லும் பொது நியாயம். டிக்கெட் எடுத்த அன்றே பாலிசியும் எடுங்கள். 'இயற்கைப் பேரிடரால் ரத்து, தாமதம்' என்ற வரி அதில் இருக்கிறதா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் என்று படியுங்கள். டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் மிக மலிவான பாலிசிகளில் அந்த வரி இல்லாமலே போகலாம்.

விசாவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா உண்டு. கட்டணம் 5 லட்சம் ரூபியா, 30 நாள், கைக்குழந்தைக்கும் தனியாக. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் பாலிக்கென்று தலைக்கு 1,50,000 ரூபியா வரியும் உண்டு. அரசுத் தளம் போலவே வேடமிட்டு இரண்டு மடங்கு வாங்கும் தளங்கள் தேடுபொறியின் முதல் வரியில் நிற்கின்றன. முகவரி 'கோ டாட் ஐடி' என்று முடியாவிட்டால் கார்டு எண்ணைத் தட்டாதீர்கள். விசா முடிந்தபின் தங்கினால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். சாம்பலால் கடைசி நாளில் மாட்டிக்கொண்டால், விசா முடிவதற்கு முன்பே நிறுவனத்தின் ரத்துக் கடிதத்தோடு குடிவரவு அலுவலகத்துக்குப் போங்கள். அங்கும் அந்தக் கடிதம்தான். டென்பசாரில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் எண்ணை வீட்டில் இருப்பவரிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மலை ஏறும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தோனேசிய அரசு எரிமலைகளை ஆபத்து ஏறும் வரிசையில் நான்கு நிலைகளாக வகைப்படுத்துகிறது: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். 'மாக்மா இந்தோனேசியா' என்ற அரசுத் தளத்தில் அன்றன்றைய நிலை தெரியும். 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராப்பி வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபோது அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. "ரெண்டுதானே" என்று எந்த வழிகாட்டி சொன்னாலும் நம்பாதீர்கள். பாத்தூர் எரிமலையில் சூரிய உதயம் பார்க்கக் குழந்தைகளையும் கூட்டிப்போக ஆள் கிடைப்பார்கள். நிலையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஊர் திரும்பியபின்னும் பணம் வரவில்லையென்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பிறகு மத்திய அரசின் 'ஏர்சேவா' தளம். அதன்பின் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் வேண்டியதில்லை.

காப்பீட்டுக்காரர் கைவிரித்தால் வழி வேறு. காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். அங்கும் கட்டணமில்லை, வக்கீலும் இல்லை. ஆனால் நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. பெரும்பாலானவர்கள் தொலைபேசியில் கத்தியே அந்த ஓராண்டைக் கடத்திவிடுகிறார்கள். தொலைபேசி உரையாடல் புகார் ஆகாது, எழுதி அனுப்புங்கள்.