இடைவெளி விடாத மலை

மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ராயக்கோட்டை மலையில் பாறை தட்டுத் தட்டாகப் பெயர்ந்து கிடக்கிறதே, வெள்ளைக்காரன் பீரங்கியா? மலைக்குக் காந்த சக்தி என்று யூடியூபில் சொல்கிறார்களே?"

காந்தம் இரும்பை இழுக்கும், கல்லைப் பெயர்க்காது. அதோடு அந்த வீடியோவை மூடிவிடலாம். பீரங்கிக்கு வேண்டுமானால் வரலாறு உண்டு. மலைமேல் இருப்பது ராயர் என்ற விஜயநகரப் பட்டத்தைப் பெயரில் சுமக்கும் கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல், மேஜர் கவுடியின் படை பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போனது. குண்டு மதிலைத்தான் இடிக்கும். ஆள் ஏறாத சரிவில் பாறை பெயர்ந்ததற்கு கவுடி பொறுப்பல்ல.

இந்த வட்டாரத்துப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழையது. 'உலகிலேயே பழமை' என்று யாரும் கிளம்ப வேண்டாம், கனடாவில் 400 கோடி ஆண்டுப் பாறை இருக்கிறது. சுற்றிலும் விரிசல் விழுந்த பாறையெல்லாம் மக்கி மண்ணாகி, சின்னாறு போன்ற ஆறுகளோடு போய்விட்டது. இன்று அங்கே தக்காளி விளைகிறது. விரிசல் குறைந்த கட்டிப்பாறை மட்டும் மலையாக நின்றுவிட்டது. இந்த 'விரிசல் குறைவு' விஷயத்தைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள்.

வெயிலில் பாறை வெடிக்கிறது என்பது பழைய விளக்கம். 1936-ல் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கிரானைட் துண்டை 89,400 முறை சூடாக்கிக் குளிரவைத்தார். 244 ஆண்டு வெயிலுக்குச் சமம். கல் அப்படியே இருந்தது. வெயில் விளக்கத்தைப் பலர் கைகழுவினார்கள். ஆனால் அவர் சோதித்தது விரிய இடமுள்ள ஒரு சின்னத் துண்டு. மலைக்கு அந்த வசதி இல்லை.

உங்கள் வீட்டு ஹாலில் ஒரு சித்திரை மதியம் டைல்ஸ் 'டமார்' என்று கூரைபோல எழும்பியிருக்கிறதா? மேஸ்திரி இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்திருப்பார். சூட்டில் விரிந்த டைல்ஸுக்குப் பக்கவாட்டில் இடமில்லை, மேலே எழுவதுதான் வழி. மலையும் அப்படிப் பதிக்கப்பட்ட தரைதான். மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சண்டை போட முடியாது, ஸ்பேசர் வைக்கச் சொல்ல முடியாது, 250 கோடி ஆண்டுக்கு யாரும் வாரண்டியும் தருவதில்லை. எந்த விரிசல் குறைவால் மலை பிழைத்து நின்றதோ, அதே குறைவுதான் அதற்கு விரிய இடம் இல்லாமல் செய்கிறது.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் நீளப் பாறைத் தட்டு 25 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர்தான் நீளும். இரு முனையும் நகர முடியாமல் அது வில்லாக வளைந்தால், நடுப்பகுதி எட்டு செண்டிமீட்டருக்கு மேல் தூக்கிவிடும்! இரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. ஆனால் ஒரு நாள் வெயில் மேலே சில பத்து செண்டிமீட்டர்தான் இறங்கும்; ஏற்கெனவே அடியிலிருந்து பிரிந்த மெல்லிய தட்டுகளைத்தான் அதனால் தூக்க முடியும். கனத்த தட்டுகளைப் பிரிப்பது நிலத்துக்குள் இருக்கும் பக்கவாட்டு அழுத்தம். குமிழ் வடிவப் பாறையில் அந்த நெருக்கல் மேற்பரப்பை வெளியே உந்துகிறது. சமதரையில் அந்த வெளி உந்தல் வராது.

கண்ணால் பார்த்த சாட்சியும் உண்டு. 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ட்வெயின் ஹார்ட்டில் ஒரு பாறைக் குமிழ், நிலநடுக்கமோ வெடியோ இல்லாமல், கேமரா முன்னாலேயே விரிசல் விட்டு எழுந்தது.

சூட்டில் பாறை தட்டாகப் பிரிவது நம் பக்கத்துக் கல்வேலைக்காரர்களுக்குப் புதிதல்ல. பெங்களூர் வட்டாரத்தில் பாறைமேல் விறகுத் தீயை மெல்ல நகர்த்திக்கொண்டே போய், தட்டிப் பார்த்து ஓசையிலேயே எதுவரை பிரிந்தது என்று கண்டுபிடித்து, அகலமான பலகைகளாகக் கல்லை எடுத்தார்கள். 1895-ல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது.

தீ இல்லாமல், அந்தத் தட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் வாசகரும் செய்யலாம். தட்டினால் பானைபோல ஒலிக்கும் பாறை ஏற்கெனவே அடியிலிருந்து பிரிந்துவிட்டது. அடுத்து எப்போது எழும் என்று தேதி சொல்ல யாராலும் முடியாது. செல்ஃபிக்கு வேறு பாறை பாருங்கள்.