மன்னரிடம் அனுமதி கேட்ட மாணவி!

மணி சரியாக 3.

சுவீடன் நாட்டில் உப்சாலா என்று ஒரு நகரம். அங்கே குன்றின் மேல் பெரிய நூல் நிலையம் இருக்கிறது. அதன் எதிரே ஆயிரக்கணக்கான மாணவர்களும் மாணவிகளும் கூடி நிற்கிறார்கள். எல்லோரும் மாடியையே பார்க்கிறார்கள்.

துணைவேந்தர் மாடி முகப்பில் வந்து நிற்கிறார். தம்முடைய வெள்ளைத் தொப்பியை எடுத்து ஆட்டுகிறார். அவ்வளவுதான்! கீழே ஒரே ஆரவாரம். எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தொப்பிகள் ஆடுகின்றன.

"குளிர்காலம் போயிற்று, வசந்தம் வந்தது" என்பது இதற்குப் பொருள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 30-ந் தேதி இந்த விழா நடக்கிறது. அன்று காலையில் மாணவர்கள் தாங்களே செய்த மிதவைகளில் ஏறி ஆற்றில் போவார்கள். சில மிதவைகள் கவிழ்ந்துவிடும். குளிர்ந்த நீரில் விழுந்தவர்கள் நடுங்கிக்கொண்டே சிரிப்பார்கள்!

டிகிரி பிறந்த இடம்

உப்சாலா பல்கலைக்கழகம் 1477-ம் ஆண்டில் தொடங்கியது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதுதான் மிகப் பழையது.

"இன்று வெயில் 40 டிகிரி" என்று வானொலியில் சொல்லுகிறார்கள் அல்லவா? அந்தக் கணக்கு இங்கே பிறந்ததுதான். செல்சியஸ் என்ற பேராசிரியர் 1742-ல் அதை வகுத்தார். தண்ணீர் உறையும் நிலைக்கும் கொதிக்கும் நிலைக்கும் இடையே 100 பங்கு வைத்தார். முதலில் அவர் கொதிநிலையை 0 என்றும், உறைநிலையை 100 என்றும் குறித்தார். பிறகுதான் அது தலைகீழாக மாறியது.

செடி கொடிகளுக்கு இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையைப் பரப்பிய லின்னேயசும் இங்கே பேராசிரியராக இருந்தவரே.

இவ்வளவு பெருமை இருந்தும் ஒரு குறை இருந்தது. 395 ஆண்டுகள் வரை இங்கே ஒரு மாணவிகூடச் சேர்ந்ததில்லை!

சேணம் செய்பவர் மகள்

கோட்லாந்து என்பது சுவீடனைச் சேர்ந்த தீவு. அங்கே குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவருக்கு 1838-ல் ஒரு மகள் பிறந்தாள். பெயர் பெட்டி பெட்டர்சன்.

பெட்டி வளர்ந்ததும், வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். ஊரார் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொன்னவருக்குத் தாமும் படிக்க வேண்டும் என்று ஆசை.

1870-ல் சட்டம் சற்று இளகியது. பெண்கள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதலாம்; ஆனால் மருத்துவம் மட்டுமே படிக்கலாம் என்றார்கள். பெட்டி 1871-ல் தேர்வு எழுதி வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 30-க்கு மேல்!

அவர் விரும்பியது மருத்துவம் அல்ல, மொழிப் படிப்பு. ஆசிரியை ஆக வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆகவே மன்னருக்கு விண்ணப்பம் போட்டார். அனுமதி கிடைத்தது.

1872-ல் பெட்டி உப்சாலாவில் சேர்ந்தார். சுவீடன் நாட்டின் முதல் பல்கலைக்கழக மாணவி அவரே. 1875-ல் பட்டம் பெற்றார். பிறகு ஸ்டாக்ஹோம் நகரில், பையன்கள் படிக்கும் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியை ஆனார். ஆனால் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1885-ல், 46-வது வயதில் காலமானார்.

திறந்த கதவு

பெட்டி மறைந்தாலும் அவர் திறந்த கதவு மூடவில்லை. 1883-லேயே எல்லன் பிரீஸ் என்ற பெண் இங்கே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். 1949-ல் கெர்ட் எனெக்விஸ்ட் முதல் பெண் பேராசிரியர் ஆனார். பாடம், பூகோளம்.

இப்போது இங்கே மாணவர்களைவிட மாணவிகளே அதிகம். மொத்தம் 13 மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. "இன்ன மாகாணத்துப் பிள்ளைகளுக்கு இன்ன சங்கம்" என்று ஏற்பட்டவை அவை. இன்று யார் வேண்டுமானாலும் எதிலும் சேரலாம். சமையல் செய்வது, பரிமாறுவது, விருந்து நடத்துவது எல்லாம் பிள்ளைகளே! கோட்லாந்துத் தீவின் பெயரிலும் ஒரு சங்கம் உண்டு.

2012-ல் ஏவா ஓக்கெசன் துணைவேந்தராகப் பதவி ஏற்றார். மாடியில் நின்று தொப்பியை ஆட்டி வசந்தத்தை வரவேற்கும் பொறுப்பு, முதல் தடவையாக ஒரு பெண்ணின் கைக்கு வந்தது.

சேணம் செய்பவர் மகள் விண்ணப்பம் போட்டு, அப்போது 140 ஆண்டுகள் ஆகியிருந்தன!