உங்களுக்குத் தெரியுமா? ஒரு மூலையைத் திருகினால் நான்கு சக்கரமும் உணரும்

பந்தயக் காரின் ஒரு மூலையில் காயில்ஓவர் சஸ்பென்ஷனைத் திருகி உயர்த்தினால், நான்கு சக்கரங்களின் சுமையும் மாறும். மொத்த எடை மட்டும் மாறாது.

• முன் இடது மூலையை உயர்த்தினால், அந்தச் சக்கரத்திலும் குறுக்கே உள்ள பின் வலது சக்கரத்திலும் சுமை கூடும். மற்ற இரண்டிலும் குறையும்.

• இடமும் வலமும் வளையும் டிராக்கிலும் ஆட்டோகிராஸிலும், குறுக்கு ஜோடி ஒவ்வொன்றும் மொத்த எடையில் 50% தாங்குவதே பொதுவான இலக்கு. இதிலிருந்து விலகினால், கார் இடப்பக்கம் திரும்புவதுபோல் வலப்பக்கம் திரும்பாது.

• இந்தச் சுமைகளை அளக்க, சக்கரத்துக்கு ஒரு தராசு வேண்டும். முதலில் டயர் காற்றழுத்தம் சரிசெய்யப்படும். ஆன்டி-ரோல் பாரின் இணைப்பு கழற்றப்படும். ஓட்டுநர் இருக்கையில் அவரது எடைக்கு ஈடான சுமை வைக்கப்படும்.