தானே அடங்கிய விளையாட்டுப் பெட்டி

விழாக் கண்காட்சிக்கென நமது மாணவர் சிலர் ஒரு விளையாட்டுப் பெட்டியைத் தம் கையாலே செய்தனர். அது காரணமின்றித் தானே அடங்கிப்போய் எம்மையும் அவர்களையும் பலநாள் அலைக்கழித்தது. அதன் நோயும் மருந்தும் இவையென எழுதிவைத்தால் இனி இத்தகைய பெட்டி செய்யப் புகும் மாணவர்க்குப் பயன்படும் என்று மலர்க்குழுவினர் கேட்டமையால் இக்கட்டுரையை எழுதுகின்றோம். தமிழாசிரியர்க்கு மின்சுற்றில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். யாம் விஞ்ஞானப் பட்டம் பெற்றோரல்லேம். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் ஒன்றே எம் கைப்பொருள். விஞ்ஞானக் கழகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் விடுமுறையிற் சென்றிருந்த காலத்தில் மேற்பார்வை எம் தலைமேல் வந்தது, அவ்வளவே.

பெட்டி இன்னதென முதலிற் சொல்லுதல் வேண்டும். 1983 ஆம் ஆண்டில் யப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்டது போன்ற பழைய தொலைக்காட்சி விளையாட்டுக் கருவிகளை இக்காலச் சிறுகணினி ஒன்றினாற் போலச் செய்து இயக்குவதே இதன் நோக்கம். அதற்கு மாணவர் பயன்படுத்தியது பிரித்தானியாவிலிருந்து 2012 ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வரும் ராஸ்பெரி பை என்னும் பலகையின் மூன்றாம் வகை. உள்ளங்கையளவான அப்பலகையின் ஓரத்தில் 40 ஊசிகள் ஈர்வரிசையாய் நிற்கும். அவற்றுட் சிலவற்றை ஆளிகளோடும் விளக்குகளோடும் தொடுக்கலாம். 2023 ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் வகைப் பலகையில் அணைத்தற்குரிய அழுத்தாளி உடன் அமைந்தே வருகின்றது. அதற்கு முந்திய வகைகளில் அஃதில்லை. ஆதலின் பெட்டி செய்வோர் தாமே ஓர் ஆளி பொருத்தல் வேண்டும். இடர்கள் அனைத்தும் அங்கேதான் தொடங்குகின்றன.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் ஆகாதோ என்று கேட்கலாம். பழைய கருவிகளில் விளையாட்டு, அழிக்கவியலாத நினைவகத்திற் பதிந்து ஓர் உறையுள் இருந்தது. மின்னைத் துண்டித்தால் அதற்குக் கேடில்லை. மின்கலத்தின் துணையால் ஆட்ட நிலையைச் சேமித்த செல்டா போன்ற சில விளையாட்டுகளில் மாத்திரம், மீளத்தொடங்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே அணைக்க வேண்டும் என்று எச்சரித்திருந்தனர். இக்காலப் பலகையோ ஒரு முழுக் கணினி. அது தன் கோப்புகளைச் சிறு நினைவட்டை ஒன்றில் இடையறாது எழுதிக்கொண்டிருக்கும். எழுதும் நடுவில் மின் அற்றால் அட்டையில் உள்ளவை சிதைந்து, மறுநாட் பெட்டி எழும்பாது போதலுங் கூடும். ஆதலால் ஆளியை அழுத்தியதும் “ஒழுங்காக மூடுக” என்னும் கட்டளை கணினிக்குச் செல்லுமாறு அமைப்பர். எங்கள் பெட்டியிலும் அவ்வாறே அமைத்தனர். ஆயின் ஒருவரும் அழுத்தாதபோதும் அக்கட்டளை பிறந்தது.

கண்காட்சிக்கு இரு கிழமை இருக்க, ஒத்திகையில் மூன்றுமுறை பெட்டி அடங்கியது. அம்மூன்று முறையும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதனருகே நின்றான். கைதுறுதுறுத்த பிள்ளை என்று வகுப்பில் முன்னரே பெயரெடுத்தவன். யாம் ஆராயாது அவனையே கடிந்தோம். “சேர், நான் தொடவே இல்லை” என்று அவன் சொன்னதை ஏற்காது, இனி அவ்வறைக்குள் வரலாகாதென விலக்கினோம். மறுநாள் அவனில்லாத அறையிற் பெட்டி இருமுறை அடங்கியது. அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. நோயின் காரணத்தை முறையாகத் தேட யாம் முனைந்தது அதன் பின்னரே.

முதலில் அறியவேண்டியது, பெட்டி அடங்கியதா அன்றி மின் அற்றதா என்பது. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். கட்டளையால் அடங்கிய பெட்டியில் திரை முறையாக மூடும். பலகையின் பச்சை விளக்கு சிலமுறை மின்னி ஓயும். மின் இன்னும் வந்துகொண்டிருப்பதால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே நிற்கும். மின் குறைந்து நின்ற பெட்டியோ உறைந்துபோகும், அன்றேல் தானே மீளத் தொடங்கும். பலகைக்கு வேண்டியது 5 வோல்ற்று. அது 4.63 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கினால் திரையின் மூலையில் மின்னற் குறி தோன்றும். மூன்றாம் வகைக்கு 2.5 அம்பியரும் நான்காம் வகைக்கு 3 அம்பியரும் தரவல்ல வழங்கி வேண்டும். கைத்தொலைபேசிக்குரிய பழைய மின்னேற்றியையும் மெல்லிய வடத்தையும் மாட்டிவிட்டு ஆளியைக் குறைகூறுவோர் பலர். வேறொரு மயக்கமும் உண்டு. கைப்பிடியில் உள்ள இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால் விளையாட்டிலிருந்து வெளியேறித் தொடக்கப் பட்டியலுக்குச் செல்லுமாறு இத்தகைய பெட்டிகளை அமைப்பதுண்டு. சிறுவர் அதனையும் “நின்றுவிட்டது” என்றே முறையிடுவர். எமது பெட்டியில் மின்னற் குறி இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. ஆகவே கட்டளை எங்கிருந்தோ பிறந்தமை உறுதியாயிற்று.

அடுத்து ஆளிக்கம்பிகள் இரண்டையும் பலகையிலிருந்து கழற்றிவிட்டுப் பெட்டியை ஒரு முழுநாள் ஓடவிட்டோம். அடங்கவில்லை. எனவே மாணவர் எழுதிய செய்நிரல் தானே குற்றஞ் செய்யவில்லை. பின்னர்க் கம்பிகளைப் பலகையில் மாட்டி, மறுமுனையில் ஆளியை மாத்திரம் நீக்கி, இருகம்பியும் ஒன்றையொன்று தொடாதபடி விட்டோம். அழுத்துவதற்கு அங்கே பொத்தானே இல்லை. பிற்பகல் இரண்டு மணியளவிற் பெட்டி அடங்கியது! அக்கணத்திலேயே ஆளியும் குற்றமற்றது, அப்பிள்ளையும் குற்றமற்றவன் என்பது வெளியாயிற்று. இனி இத்தகைய பெட்டி செய்வோர் வேறெதனைச் செய்யாவிடினும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கம்பி எவ்வாறு தானே கட்டளை பிறப்பிக்கும்? ஆளியொடு தொடுத்த ஊசி சாதாரணமாக 3.3 வோல்ற்றில் உயர்ந்து நிற்றல் வேண்டும். ஆளியை அழுத்தினால் அது நிலத்தோடு இணைந்து 0 ஆகும். அவ்வீழ்ச்சியைக் கண்டவுடன் செய்நிரல் மூடுகட்டளை இடும். அழுத்தாத வேளையில் ஊசியை மேலே தாங்குவது ஒரு தடை. எமது மாணவர் வரிசையின் கடைசியில் உள்ள 39 ஆம், 40 ஆம் ஊசிகளை எளிதென்று தெரிந்திருந்தனர். 40 ஆம் ஊசியைத் தாங்குவதற்குச் சில்லினுள்ளே அமைந்த, ஏறக்குறைய 50 கிலோ ஓம் அளவான தடையே உண்டு. நூலிற் கட்டித் தொங்கவிட்ட பட்டத்தைப்போன்றது அதன் நிலை. சிறு காற்றுக்கும் ஆடும். அதனோடு இரண்டு முழ நீளமான கம்பி ஒன்று, மரப்பெட்டியின் ஒரே துளையூடே மின்வழங்கி வடத்துடன் பிணைந்து சென்றது. நீண்ட கம்பி வானொலியின் ஏரியலைப் போலச் சுற்றிலும் உள்ள மின்சலனங்களைப் பற்றும். மண்டபத்தின் மின்விசிறியை நிறுத்தும்போது அதன் சுருளிற் செல்லும் ஓட்டம் சடுதியாக அறுகின்றது. ஆளியின் வாயில் ஒரு பொறி பறக்கின்றது. அப்பொறியின் அதிர்வு எமது கம்பியில் ஏறி, நுண்ணொடிப் பொழுது ஊசியைக் கீழே இழுத்தது. அந்நுண்ணொடியே செய்நிரலுக்குப் போதுமானதாயிற்று.

இதனை ஊகித்தோமேயன்றி முதலில் நிறுவ முடியவில்லை. மின்மானியை வைத்தபோது அது 3.3 என்றே அசையாது காட்டியது. யாம் அதனை நம்பி இரண்டு நாள் வேறு வழியில் அலைந்தோம். மின்மானி மெதுவாக அளக்குங் கருவி. கண்ணிமைப்பொழுதிலும் குறுகிய வீழ்ச்சியை அது காட்டமாட்டாது என்பதைப் பின்னரே அறிந்தோம். அதன்பின் மாணவர் செய்நிரலைச் சற்றே மாற்றி, மூடுகட்டளை இடாது, ஒவ்வொரு வீழ்ச்சியின் நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதச் செய்தனர். ஒருவன் கடிகாரத்துடன் விசிறி ஆளியருகே நின்று, நிறுத்திய வேளைகளைத் தாளிற் குறித்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை நொடிக்கு நொடி ஒத்திருந்தன. ஒவ்வாத சில, குழல்விளக்கு விட்டுவிட்டு மின்னிய வேளைகளாம். கடிகாரத்துடன் நின்றவன் யாம் விலக்கிய அப்பிள்ளையே. அவனை யாமே சென்று அழைத்துவந்தோம்.

மருந்து மூன்று வகையாற் செய்தோம். கம்பியை ஒரு சாணுக்குக் குறைத்து, இரு இழையையும் ஒன்றோடொன்று முறுக்கி, மின்வடத்தினின்று விலக்கி வேறு துளையாற் செலுத்தினோம். முறுக்கிய இழைகள் இரண்டிலும் சலனம் ஏறத்தாழ ஒரேயளவாய் ஏறுதலின் அவற்றிடையே வேறுபாடு குறைகின்றது. அடுத்து 40 ஆம் ஊசியை விட்டு 5 ஆம் ஊசிக்கு மாறினோம். அதற்கு நேரெதிரே உள்ள 6 ஆம் ஊசி நிலம். 5 ஆம் ஊசிக்குப் பலகையிலேயே 1.8 கிலோ ஓம் தடை பொருத்தப்பட்டுள்ளது. அதன் பிடி முன்னையதினும் ஏறக்குறைய 28 மடங்கு வலிது. அன்றியும், அடங்கிய பலகையை மீள எழுப்பும் ஆற்றல் அவ்வூசிக்கு உண்டாதலால் ஓர் ஆளியே இரு தொழிலுஞ் செய்யும். வேறு துணைக்கருவிகள் 3 ஆம், 5 ஆம் ஊசிகளைத் தம் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்துமாயின் அவை ஆளியோடு முட்டும். அந்நிலையில் வேறோர் ஊசியைக் கொண்டு, அதற்கும் 3.3 வோல்ற்று ஊசிக்கும் இடையே 10 கிலோ ஓம் தடையும், அதற்கும் நிலத்துக்கும் இடையே 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியும் இடுக. தவறியும் தடையின் மேல்முனையை 5 வோல்ற்றிற் கட்டலாகாது, இவ்வூசிகள் 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்கா. விளக்குப் பொருந்திய அழகிய ஆளிகளை வாங்குவோர் விளக்கின் காலையும் ஆளியின் காலையும் மாறித் தொடுத்துப் பலகையைப் பலிகொடுப்பது இவ்விடத்திலேதான்.

மூன்றாவது செய்நிரலைத் திருத்தியது. வீழ்ச்சியைக் கண்ட மாத்திரத்தில் நம்பாது, நொடியின் பத்திலொரு பங்குக்கு ஒருமுறை ஊசியை நோக்கி, தொடர்ந்து 20 முறையும் தாழ்ந்தே இருந்தால் மட்டும் மூடுக என எழுதினர். அஃதாவது ஆளியை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தல் வேண்டும். உலோக வாய்கள் கூடும்போது சில மில்லிநொடி துள்ளித்துள்ளித் தொடுவதால் வரும் கோளாறும் இதனால் நீங்கும். செய்நிரல் எழுத விரும்பாதோர்க்கு, பலகையின் இயங்குதளத்திலேயே இதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாற் போதும். அது 100 மில்லிநொடி நிலைத்த வீழ்ச்சியையே ஏற்கும். ஆனால் அதனையும் சொந்தச் செய்நிரலையும் ஒருங்கே வைத்தல் கூடாது. ஒன்றைத் திருத்திவிட்டு மற்றது இடும் கட்டளையைக் கண்டு மயங்க நேரும்.

இன்னுமோர் இடரையும் சொல்லிவிடுகின்றோம். பெட்டி எழும்பி முடிந்தவுடன் உடனே அடங்குமாயின், அங்கே சலனத்தைத் தேடவேண்டியதில்லை. பெரும்பாலும் பொருந்தா ஆளியே காரணம். அழுத்தினால் உள்ளே சென்று பூட்டிக்கொண்டு, மறுமுறை அழுத்தினால் வெளிவரும் ஆளிகள் உண்டு. நின்டெண்டோவின் அமெரிக்கப் பெட்டியில் இருந்த மின்பொத்தான் அவ்வகையே. அதன் உருவை விரும்பி அதே ஆளியை இட்டால், ஊசி எந்நேரமும் தாழ்ந்தே நிற்கும், செய்நிரல் எழுந்ததும் அதனைக் காணும், மூடும். விரலை எடுத்ததும் மீளும் ஆளியே இங்கு வேண்டுவது.

கண்காட்சி மூன்று நாள் நடந்தது. விசிறிகளைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தோம், பெட்டி அசையவில்லை. இரண்டாம் நாள் மாலை கூட்டம் நிறைந்திருந்த வேளையிற் பெட்டி ஒழுங்காக மூடிச் சிவப்பு விளக்குடன் நின்றது. மாணவர் பதறி ஓடினர். யாமும் மின்மானியைத் தேடினோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மட்டும் மேசையின் கீழே குனிந்து பார்த்தான். பழைய மாணவர் ஒருவரின் மூன்று வயதுப் பேரக்குழந்தை, அங்கே பொத்தானில் விரலை வைத்துப் பொறுமையாய் அழுத்திக்கொண்டிருந்தது.